நாலாவது சனிக்கிழமை

ரொட்டி வண்டியில் ஓட்டுகிறவனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இருக்கைதான். மூன்று பிள்ளை பெற்றவனுக்கு அப்படியொரு வண்டியைக் கொடுத்தது பேக்கரியின் குற்றமா, வண்டியின் லட்சணம் தெரிந்தும் மூன்று பெற்றது இவன் குற்றமா என்று அவன் மனைவி கேட்பாள். யார் குற்றமோ, சனிக்கிழமை விடிந்தால் அந்த இருக்கைக்காக வாசலில் அடிதடி நடந்தது. சண்டை தாங்காமல் ரொட்டிக்காரன் முறை வைத்தான். முதல் சனிக்கிழமை பெரியவள், இரண்டாவது நடுப்பையன், மூன்றாவது கடைக்குட்டி. விடியற்காலை ஐந்து மணிக்குப் பேக்கரியில் ட்ரேக்களை ஏற்றி, இருபத்திரண்டு கடைகளுக்கு ரொட்டி போட்டு, விற்காத பழைய ரொட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறவரை, முறை வந்த பிள்ளைக்கு அப்பா முழுசாகச் சொந்தம்.

நாலாவது சனிக்கிழமை யாருக்கும் கிடையாது. அது காதுக்கு ஓய்வு என்பான்.

"அந்த நாலாவது வாரம் நான் வரட்டுமா?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். "உனக்கென்ன, தினமும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று அவன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவள் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை முடித்து வரும்போது அவனுக்குத் தூக்கம் சொக்கும். அவன் எழுந்து போகும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். பார்ப்பதற்கு என்ன குறை.

முறை வைத்ததை விடப் பெரிய சமாசாரம், அந்த வண்டிக்கு அவன் வைத்த சட்டம். அதற்கு ஒரு பழைய அவமானம் காரணம். பேக்கரியில் அவனுக்கு அப்போது 'ஓட்டை வாய்' என்று பெயர். இவனிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் நோட்டீஸ் அடிக்க வேண்டாம் என்பார்கள். பெரியவளுக்குப் பதின்மூன்று வயதில், கூட உட்கார்ந்து சாப்பிட யாரும் இல்லாததால் மத்தியானத்தில் பள்ளிக்கூட லைப்ரரிக்குப் பின்னால் நின்றுகொண்டு சாப்பிடுவதாக வண்டியில் வைத்துச் சொன்னாள். இவன் அன்று ராத்திரியே சாப்பிடும்போது, "நம்ம பொண்ணுக்கு லைப்ரரிதான் சாப்பாட்டு ரூம் தெரியுமா" என்று எடுத்துவிட்டான். தம்பிகள் சிரித்தார்கள். அவள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் நாலு முறை, அதாவது நாலு மாதம், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாயே திறக்காமல் வந்தாள்.

ஐந்தாவது முறையில் அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அவளிடம் சொன்னான். "இந்தக் கதவை மூடினதுக்கப்புறம் நீங்க சொல்ற எதுவும் வெளிய போகாது. உங்க அம்மாகிட்டகூட. செத்தாலும் போகாது."

சொன்னதைக் காப்பாற்றினான். அதுதான் கஷ்டம். வேறு எதையாவது இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியிருக்கலாம். மூன்று பிள்ளைகளும் மெல்ல மெல்ல எல்லாவற்றையும் கொண்டுவந்து அந்த இருக்கையில் கொட்டினார்கள். ஒரு பிள்ளை சொன்னதை இன்னொரு பிள்ளையிடம் மூச்சு விடமாட்டான். எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி. சனிக்கிழமை மத்தியானம், "இன்னிக்கு என்ன சொன்னது பிள்ளை?" என்று மனைவி கேட்டால், உதட்டைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போடுவதுபோல் கையைக் காட்டுவான். "பெரிய ரகசியப் போலீஸ்" என்பாள் அவள். அவளுக்குத் தெரியாதது தனக்குத் தெரிகிறது என்பதில் அவனுக்கு ஒரு ருசி இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

கடைக்குட்டிதான் முதலில் சொன்னான். ஆறு வயது, சுண்டுவிரல் அளவு இருந்ததால் சுண்டு. குளிர்காலம். கண்ணாடியில் ஊதி ஊதிப் படம் போட்டுக்கொண்டே வந்தவன், "அப்பா, எனக்கு ஒரு மேஜிக் தெரியும். நான் காணாமப் போவேன்" என்றான்.

"எங்க போவ?"

"எங்கயும் போக மாட்டேன். அம்மாவுக்கு இந்தப் பக்கமா வந்து நிப்பேன். அம்மாவுக்கு நான் தெரிய மாட்டேன். சுண்டு எங்கடா, சுண்டு எங்கடான்னு கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. நான் பக்கத்துலயே இருப்பேன்."

ரொட்டிக்காரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா நல்லா நடிக்கிறா."

"நடிக்கல. நிஜம். யார்கிட்டயும் சொல்லாத, இது நம்ம ரெண்டு பேரோட மேஜிக்னு சொன்னாங்க."

"சரி, நான் சொல்ல மாட்டேன். எனக்கும் சொல்லிக் குடு." அன்று கடைக்குக் கடை இருவரும் காணாமல் போய் விளையாடினார்கள். சுண்டுவுக்கு அதைவிடச் சந்தோஷமான சனிக்கிழமை அதற்கு முன் வந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பெரியவளின் முறை. அவளுக்கு அப்போது பதினைந்து. பழைய ரொட்டி ட்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று ஏழெட்டுக் கடை வரை யோசித்தாள். "அம்மா என்னை டெய்லி சாயங்காலம் ஃபேக்டரி கேட்டுக்கு வரச் சொல்றாங்கப்பா. தெருவுல நாய் இருக்காம். அந்தத் தெருவுல நாயே கிடையாது. வர்ற வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிறாங்க. படி வந்தா நின்னு, காலால தடவிட்டு இறங்கறாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

அவன் யோசித்தான். யோசிக்காமல் இல்லை. தன் மனைவியும் தன்னைப் பார்த்து மகளோடு தனியாக இருக்க ஒரு முறை ஏற்படுத்திக்கொண்டாள் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறாமைகூட வந்தது. "அம்மாவுக்கு உன்கூடத் தனியா நடக்கணும்னு ஆசை. அதுக்கு ஒரு சாக்குதான் நாய். கையைப் பிடிச்சா பிடிச்சுக்கட்டுமே."

"அப்படியா இருக்கும்?" என்றாள் பெரியவள். அப்பா சொன்னதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் நடுப்பையன். எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுகிறவன். வீட்டில் அவனுக்கு வக்கீல் என்று பெயர். அவன் ஒரு வழக்கோடு ஏறினான். முந்தின நாள் அம்மாவோடு ரோட்டைக் கடக்கும்போது, இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள்காரர் மணி அடித்துக்கொண்டே வந்திருக்கிறார். அம்மா நேராகப் பார்த்தபடி இறங்கிவிட்டாள். இவன் புடவையைப் பிடித்து இழுத்திருக்கிறான். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று அம்மா சொன்னாளாம். "இதுல தப்பு யார் மேல?"

ரொட்டிக்காரன் நீதிபதியானான். மணி அடித்தால் போதுமா, பிரேக் பிடிக்க வேண்டாமா, நடக்கிறவருக்கு முதல் உரிமையா, வண்டிக்கா என்று ஐந்து கடை தூரம் வாதம் நடந்தது. சைக்கிள்காரர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. வக்கீலுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இப்படித்தான் அவன் நல்ல அப்பாவாக இருந்தான். மேஜிக் கொண்டுவந்த பிள்ளையோடு மேஜிக், வழக்கு கொண்டுவந்த பிள்ளையோடு வழக்கு. மூன்று பேரும் கொண்டுவந்தது ஒரே சேதி என்பதுதான் அவன் மண்டைக்கு எட்டவில்லை. ஒரு பிள்ளையின் சனிக்கிழமையை இன்னொரு பிள்ளையின் சனிக்கிழமைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூடாது என்று பழக்கிவைத்திருந்த மண்டை அது.

அன்று மத்தியானம் மட்டும் ஏதோ நெருடியது. மனைவியைப் பார்த்தான். அவள் சுண்டுவின் சட்டையை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணுக்கே தெரியாத ஒரு நூல் பிசிறைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை பார்க்கிற கண். இந்தக் கண்ணுக்கா குறை என்று நினைத்தான். கேட்டுவிடலாம்தான். கேட்டால், யார் சொன்னது என்பாள். பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்த நாலு மாதம் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டான்.

அதற்கடுத்த சனிக்கிழமை சுண்டு துள்ளிக்கொண்டு ஏறினான். "அப்பா, மேஜிக் பெரிசாயிடுச்சு. இப்ப ரெண்டு பக்கமும் வேலை செய்யுது."

"பலே" என்றான் ரொட்டிக்காரன்.

பிறகு நாலாவது சனிக்கிழமை வந்தது. அவன் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது மனைவி எழுந்து வந்து வாசல்படியில் நின்றாள். முகம் கழுவி, தலை வாரி, செருப்பு மாட்டியிருந்தாள். "இன்னிக்கு சீட் காலிதானே. நான் வரட்டுமா?"

"ஆறு மணி நேரம் குலுங்கிக்கிட்டு வந்து என்ன பண்ணப்போற? லீவு நாள், தூங்கு."

வண்டி தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தான். வண்டி நின்றிருந்த இடத்தையே அவள் இன்னும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தான்.

பதினோரு நாள் கழித்து, தொழிற்சாலையில் சரக்கு ஏற்றும் மேடையின் விளிம்பிலிருந்து அவள் கால் தவறி விழுந்தாள். மேடை முடிகிற இடத்தில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். எட்டு வருஷமாக அதைத் தாண்டாதவள். மணிக்கட்டு முறிந்தது, நெற்றியில் ஆறு தையல். தையல் போட்ட டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் கண் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே அவளை ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நல்ல கையில் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். வெகு நேரம் காத்திருந்தாள். பொத்தான் சத்தம் எப்போதாவதுதான் கேட்டது. மெஷினிலிருந்து வந்த தாளைக் கண் டாக்டரம்மா மேஜையில் விரித்தார். நடுவில் ஒரு சின்ன வெள்ளை. சுற்றிலும் கறுப்பு.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. இந்தக் கறுப்பெல்லாம் போனது போனதுதான், திரும்ப வராது. நேரா ஒரு குழாய் வழியா பாக்கற மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதையாவது மருந்து போட்டுக் காப்பாத்தப் பார்ப்போம்." அவர் பேனாவை மூடிவிட்டு அவனைப் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட இதைவிடக் கொஞ்சம் கூடுதலா நின்னிருக்கும். வீட்டுல யாருமே கவனிக்கலையா? தடுக்கறது, இடிச்சுக்கறது, பக்கத்துல நிக்கறவங்களைத் தெரியாம இருக்கறது?"

"இல்ல டாக்டர்" என்றான். "யாரும் ஒண்ணும் சொல்லல."

வாய் கூசாமல் வந்துவிட்டது. அம்மாவின் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரியவள் அவன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரிக்க வந்த சொந்தக்காரர் ஒருவர், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று பேச்சுவாக்கில் ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். எத்தனை இலேசாகச் சொல்லிக்கொண்டிருந்த பழமொழி. அதற்கப்புறம் அந்த வீட்டில் அதை யாரும் வாயில் எடுக்கவில்லை.

வீடு ஊமையாயிற்று. வக்கீல் வாதாடுவதை நிறுத்தினான். எதைச் சொன்னாலும் சரி என்றான். பெரியவள் அம்மாவைக் கைப்பிடித்துக் குளியலறைக்கும் கட்டிலுக்கும் கூட்டிப்போனாள். அப்பா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டாள். சுண்டு அம்மாவின் பக்கவாட்டில் போவதே இல்லை. சுற்றிக்கொண்டு வந்து, நேர் எதிரே இரண்டடி தள்ளி நின்று, "அம்மா, நான் இங்க இருக்கேன்" என்பான். ஒரு நாள் சாயங்காலம் கதவுக்குப் பின்னால் அவன் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்ததை ரொட்டிக்காரன் பார்த்தான்.

"நான் மேஜிக்கை நிறுத்திட்டேன்பா" என்றான் சுண்டு. "நிறுத்தி ரொம்ப நாளாச்சு. அம்மாவுக்குத் திரும்ப வரவே இல்ல."

அன்றுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு மூலையில், தான் செய்த குற்றத்தால்தான் அம்மாவின் கண் போயிற்று என்று உட்கார்ந்திருக்கிறார்கள். தனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள்.

அவன் தப்பிக்க ஒரு வழி இருந்தது, அதுவும் சுலபமான வழி. முறைப்படி ஒவ்வொரு பிள்ளையாக வண்டியில் ஏற்றி, உன் மேல் தப்பில்லை என்று தலையைத் தடவிக் கொடுத்தால் போதும். கதவை மூடிச் சொன்னது வெளியே போகாது. மூன்று பேரும் தன்னிடம் சொன்னார்கள் என்பது மூன்று பேருக்கும் சாகும்வரை தெரியாமல் போகும். அவன் நல்ல அப்பாவாகவே இருக்கலாம். இரண்டு நாள் அவன் அந்த வழியைச் சப்புக்கொட்டிப் பார்த்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள் மூன்று பேரையும் வாசலில் நின்ற வண்டிக்குக் கூப்பிட்டான். பெரியவளும் வக்கீலும் ஒரே இருக்கையில் நெருக்கியடித்து உட்கார, சுண்டு அக்கா மடியில். சுண்டுவின் மேஜிக்கையும், பெரியவளின் நாய் இல்லாத தெருவையும், வக்கீலின் சைக்கிள் வழக்கையும் ரொட்டிக்காரன் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். சத்தியத்தை மீறிச் சொன்னான். "மூணு பேரும் சொன்னீங்க. யாரும் மறைக்கல. மூணு பேரும் சொல்லியும் எனக்குத்தான் புரியல. தப்பு என்னோடது."

வக்கீல்தான் கேட்டான், ரொம்ப மெதுவாக. "மூணையும் நீங்க சேர்த்துப் பார்க்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப மேஜிக் இல்லையா?" என்றான் சுண்டு.

"மேஜிக் இல்லடா. அது அம்மாவோட வியாதி. நீ ஒண்ணும் பண்ணல."

சுண்டு பெரிதாக மூச்சு விட்டு அக்கா மேல் சாய்ந்தான். பெரியவள் அவனைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து இறங்கினாள். "டாக்டர்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலைன்னு சொன்னீங்க" என்றாள். "எனக்கு இனிமே முறை வேணாம்பா." கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் மூடினாள்.

முதல் சனிக்கிழமை இருக்கை காலியாகப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வாரம் சுண்டு மட்டும் வந்தான், வழியெல்லாம் தூங்கினான்.

நாலாவது சனிக்கிழமை மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். இந்தத் தடவை அவன் வண்டிக் கதவைத் திறந்துவிட்டான். கட்டுப் போட்ட கையில் இடிக்காமல் தூக்கி உட்காரவைத்து, பெல்ட் மாட்டிவிட்டான். ஏழாவது கடைக்குப் போகும் நீளமான ரோட்டில், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "பிள்ளைங்க மூணு பேரும் என்கிட்ட..."

"தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"சொல்லாதேன்னு சொன்னா வண்டியில உங்ககிட்ட வந்து சொல்லிடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" அவள் ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது. கடைசியில ஒரு மூலையில உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு அதை என் வாயால சொல்லப் பயம். சொன்னா நிஜமாயிடும்னு பயம். பிள்ளைங்க மூலமா உங்க காதுக்குப் போகட்டும், நீங்க வந்து கேட்டா சொல்லிடலாம், கையைப் பிடிச்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவீங்கன்னு இருந்தேன். சனிக்கிழமை நீங்க வந்ததும் உங்க முகத்தைத்தான் பார்ப்பேன். இன்னிக்குக் கேப்பார், இன்னிக்குக் கேப்பார்னு. நீங்க வாயைப் பூட்டிச் சாவியைத் தூக்கிப் போடுவீங்க."

அவன் கியரை மாற்றினான். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

"கேக்கவே இல்ல நீங்க. அவருக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் சும்மா இருக்கார்னா பயப்பட ஒண்ணுமில்ல போலன்னு நானும் தைரியமாயிட்டேன்."

ஏழாவது கடை வந்தது. ரொட்டிக்காரன் இறங்கி, பின் கதவைத் திறந்து, நாலு ட்ரேயை இறக்கிக் கொடுத்து, பழைய ரொட்டியை வாங்கிக்கொண்டான். கடைக்காரர் ஏதோ கேட்டார், இவன் ஏதோ சொன்னான். திரும்பி வரும்போது அவளுடைய ஜன்னல் பக்கமாக வந்தான். கண்ணாடி இறக்கியிருந்தது. கை நீட்டினால் அவள் கன்னத்தைத் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் நின்றான். அவள் திரும்பவில்லை. வண்டிக்குள் அவனுடைய காலி இருக்கை இருக்கும் திசைக்கு முகத்தைத் திருப்பி, "ஏங்க, வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும் கேட்டாள்.